ரபாபிகளின் கீர்த்தன் கேட்க ஒரு மிருதங்கக்காரனின் யோசனைகள்

குருத்வாராவில் கேட்கும் கீர்த்தன் நம் ஊர்க் காதுக்கு முதலில் பஜனை மாதிரிதான் படும். இரண்டு ஹார்மோனியம், ஒரு தபலா, திரும்பத் திரும்ப வரும் ஓரடி. கொஞ்ச நேரத்தில் எழுந்து லங்கருக்கு, அதாவது அங்கே எல்லோருக்கும் போடும் சாப்பாட்டுக்குப் போய்விடுவோம். ஆனால் அதற்குள்ளே ஐந்நூறு வருஷப் பாட்டுமுறை ஒன்று இருக்கிறது. அதைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கிச் சுமந்தவர்களில் முக்கியமானவர்கள் முஸ்லிம் பாட்டுக்காரக் குடும்பங்கள். ரபாப் என்ற தந்தி வாத்தியத்தை வைத்து அவர்களுக்கு ரபாபிகள் என்று பெயர். அவர்கள் பாணியை அடையாளம் கண்டு கேட்பது எப்படி என்று எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

நான் வித்வான் இல்லை. திருப்பூரில் பின்னலாடைத் தொழில். குளிர்கால ரகத்துக்கு நூல் பார்க்க லூதியானா போய் வருகிறவன். சின்ன வயதில் மிருதங்கம் கற்ற கை என்பதால், எங்கே தோல்வாத்தியச் சத்தம் கேட்டாலும் கால் தானாக நிற்கும். அப்படி நின்று நின்று கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம். அதனால் தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கதை பாய் மர்தானாவிடம் தொடங்குகிறது. இன்று பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என்று அழைக்கப்படும் தல்வண்டியில் பிறந்தவர். பரம்பரையாகப் பாட்டையே பிழைப்பாகக் கொண்ட மிராசி சமூகத்து முஸ்லிம். குரு நானக் 1469-ல் பிறந்தவர். மர்தானா அவரைவிடச் சில வருஷம் மூத்தவர். நானக் போன இடமெல்லாம் ரபாபைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். 'மர்தானா, ரபாபை மீட்டு, பாணி வருகிறது' என்று நானக் சொன்னதாக அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஜனம்சாகிக் கதைகளில் வரும். பாணி என்றால் அங்கே அருள்வாக்கு. சம்பந்தரும் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் நினைவுக்கு வந்தால் நீங்கள் சரியான தடத்தில்தான் இருக்கிறீர்கள். இந்த இருவரும் ராமேஸ்வரம் வழியாக இலங்கை வரை போய் வந்ததாகவும் மரபு சொல்கிறது. ராமேஸ்வரத்தில் அதன் நினைவாக ஒரு குருத்வாரா இருக்கிறது.

மர்தானாவுக்குப் பிறகு வந்த குருமார்களின் சபையிலும் ரபாபிகள் பாடினார்கள். இவர்களில் சத்தா, பல்வண்ட் என்ற இருவரைத் தெரிந்துகொள்வது அவசியம். ஐந்தாவது குரு அர்ஜனின் காலம். வீட்டில் கல்யாணம் வந்தது, எதிர்பார்த்த பணம் கைக்கு வரவில்லை, இருவருக்கும் கோபம். 'நாங்கள் பாடுவதால்தானே உங்களுக்குப் பெயர்' என்கிற அளவுக்குப் பேச்சு முற்றி, பாட வரமாட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். குரு அசரவில்லை. தானே சரந்தா என்ற வில் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு, சங்கத்தில், அதாவது கூடியிருந்த சபையில் இருந்த சாதாரணச் சீக்கியர்களையே பாடச் சொன்னார் என்பது மரபு. ராகிகள் என்ற சீக்கியப் பாடகர் வரிசை அங்கிருந்துதான் பிறந்தது என்பார்கள். பிறகு லாகூரைச் சேர்ந்த பாய் லத்தா, இவர்களுக்காகப் பரிந்து பேச, அப்படிப் பேசுகிறவருக்குக் குரு விதித்திருந்தபடியே முகத்தில் கரி பூசிக்கொண்டு கழுதைமேல் ஏறி வந்தார், குரு மன்னித்தார். அந்த இருவர் இயற்றிய ராம்கலி வார் என்ற பாட்டு இன்றும் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் 966-ஆம் பக்கத்தில் இருக்கிறது.

எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். மத நல்லிணக்கம் என்று சுவரொட்டி அடிக்கிறவர்கள் மர்தானாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கூலிக்குச் சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு போய், திரும்பி வந்து, புனித நூலுக்குள்ளேயே இடம் பிடித்த பாட்டுக்காரர்கள்தான் உறவு எவ்வளவு உள்வீட்டு உறவு என்று காட்டுகிறார்கள். விருந்தாளியோடு யாரும் அப்படிச் சண்டை போடமாட்டார்கள்.

பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்

சும்மா கேட்டால் பிடிபடாது. சிக்கி டு த மேக்ஸ் என்ற இணையதளத்தில் எந்தப் பாடலையும் பக்க எண் போட்டுத் தேடலாம். குரு கிரந்த சாகிப் எந்த அச்சுப் பிரதியிலும் 1430 பக்கம்தான், பக்க எண் மாறாது. நூலின் குர்முகி எழுத்து தெரியாதவர்களுக்கு ரோமன் எழுத்தும் பொருளும் உண்டு.

ஆரம்பத்துக்கு நான் சொல்வது 488-ஆம் பக்கம். ஷேக் ஃபரீதின் பாடல். பாக்பட்டனில் அடங்கியிருக்கும் சூஃபி அவர். நானக்குக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் முந்தியவர். 1604-ல் குரு அர்ஜன் இந்த நூலின் முதல் வடிவமான ஆதி கிரந்தத்தைத் தொகுத்தபோது, கபீர், நாமதேவர், ரவிதாசர் பாடல்களோடு இந்த முஸ்லிம் பெரியவரின் பாடல்களையும் சேர்த்தார்.

தலைப்பைப் பாருங்கள்: ஆசா, ஷேக் ஃபரீத் ஜீயின் பாணி. முதலில் ராகம், பிறகு ஆள். நூல் முழுக்க இதே ஒழுங்குதான். 31 ராகங்கள், ஒவ்வொரு ராகத்துக்குள்ளும் பாடினவர் வரிசை. குருமார்கள் எல்லோரும் 'நானக்' என்றே முத்திரை வைத்துப் பாடியதால், யார் பாட்டு என்று காட்ட 'மஹலா 1', 'மஹலா 5' என்று எண் போட்டிருக்கும். மஹலா 5 என்றால் குரு அர்ஜன். சில தலைப்புகளில் 'கர்' என்று ஒரு சொல்லும் ஓர் எண்ணும் வரும். கர் என்றால் வீடு. தாளத்தைக் குறிக்கிறது என்று ஒரு சாரார், சுரத்தைக் குறிக்கிறது என்று இன்னொரு சாரார். 1 முதல் 17 வரை போகும். இந்த மாதிரி எழுத்தில் பாதி மட்டும் சொல்லி விடப்பட்டவற்றை வாய்வழியாகக் கொண்டுவந்தவர்கள் பாடகர் குடும்பங்கள்தான்.

ஆசா ராகம் நமக்கு லட்டு மாதிரி. ஏறும்போது ச ரி ம ப த ச, இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. ஆமாம், ஆரபியின் ஆரோகண அவரோகணம். கமகம் வேறு, மத்யமத்தில் நிற்கும் விதம் வேறு. ஆனாலும் ஆரபி காதில் இருக்கிறவர்களுக்கு ஆசாவில் பாதை தவறாது. பைரவ் வந்தால் மாயாமாளவகௌளையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கல்யாண் வந்தால் கல்யாணி, பிலாவல் வந்தால் சங்கராபரணம். ஒன்பதாவது குரு தேக் பகதூர் பாடிச் சேர்த்த ஜைஜாவந்தி நம் திவிஜாவந்திதான். ஸ்ரீ ராகத்தில் மட்டும் நம் ஸ்ரீயைத் தேடாதீர்கள். அது சுத்த ரிஷபமும் பிரதி மத்யமமும் வரும் வேறு ராகம். மாஜ், வடஹன்ஸ் போன்றவை பஞ்சாப் மண்ணின் வாசனையோடு வருபவை. வடஹன்ஸில் 'கோடி' (பெண் குதிரை) என்ற கல்யாணப் பாட்டும் இழவு வீட்டு அலாஹணியும் இரண்டுமே இருக்கின்றன.

ரஹாவு எங்கே என்று பாருங்கள்

இது ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. ஃபரீத் பாடலில் முதல் இரண்டு அடி இப்படிப் போகும்: நெஞ்சிலிருந்து நேசிப்பவர்களே மெய்யானவர்கள், மனதில் ஒன்று வாயில் ஒன்று என்று இருப்பவர்கள் கச்சா, அதாவது வேகாத பானை. அடுத்த இரண்டு அடி: இறைவன்மேல் காதலில் தோய்ந்தவர்கள் அவன் தரிசனத்தின் நிறத்தில் கிடக்கிறார்கள், அவன் பெயரை மறந்தவர்கள் பூமிக்குப் பாரம். இந்த இரண்டாவது இரட்டையடியின் முடிவில் 'ரஹாவு' என்று போட்டிருக்கும்.

ரஹாவு என்று போட்ட அடிதான் பல்லவி. எழுத்தில் இரண்டாவதாக இருந்தாலும், பாட்டில் முதலில் எடுக்க வேண்டியது அதுதான். அதைப் பாடி நிறுத்திவிட்டு, பிறகு முதல் அடிக்குப் போக வேண்டும். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் ரஹாவுக்குத் திரும்ப வேண்டும். பழைய முறைக்காரர்கள், ரபாபிகளும் அவர்களிடமிருந்தும் அவர்களோடும் கற்ற ராகிகளும், இதை விடமாட்டார்கள். இப்போது மேடைகளில் பலர் ஜனங்களுக்குத் தெரிந்த முதல் அடியையே பல்லவியாக ஆக்கிக்கொண்டு சினிமா மெட்டுக்குப் பக்கத்தில் போய்விடுகிறார்கள். ஆக, ஒரு பதிவைப் போட்டதும் முதலில் என்ன எடுக்கிறார் என்று கவனியுங்கள். ரஹாவை எடுத்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பாட்டின் நடுவே பாடகர் திடீரென்று நீங்கள் திறந்து வைத்திருக்கும் பக்கத்தில் இல்லாத இரண்டு வரியைத் தாளத்துக்கு வெளியே இழுத்துப் பாடிவிட்டுத் திரும்புவார். குழம்ப வேண்டாம். அது பிரமாணம். பாட்டின் கருத்துக்குச் சான்றாக நூலின் வேறோர் இடத்திலிருந்து எடுக்கும் வரி. எவ்வளவு நூல் மனப்பாடம், எவ்வளவு சமயோசிதம் என்பதெல்லாம் இங்கேதான் தெரியும். ஃபரீதின் சலோகங்கள், அதாவது சிறு பாக்கள், 1377-ஆம் பக்கத்தில் ஆரம்பிக்கின்றன. 'ஃபரீதே, மண்ணை இகழாதே, அதற்கு ஈடு எதுவுமில்லை. உயிரோடிருக்கும்போது காலுக்குக் கீழே, செத்தால் நமக்கு மேலே' என்பது அதில் ஒன்று. இதைப் போலச் சிலவற்றை முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டால், பிரமாணமாக வரும்போது சட்டென்று பிடிபடும்.

இப்போது கையைத் தொடைமேல் வையுங்கள்

தாளம் போடாமல் இதைக் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. தீன்தால் 16 மாத்திரை: ஆதி தாளத்தை இரண்டு ஆவர்த்தனம் போட்டால் கணக்கு சரியாக வரும். ஜப்தால் 10: கண்ட சாபுவை இரண்டு முறை. ரூபக் 7: மூன்று, இரண்டு, இரண்டு என்று எண்ணுங்கள். சார்தால் 12, தமார் 14 இரண்டும் துருபத் என்ற பழைய ஹிந்துஸ்தானிப் பாட்டுமுறையின் வழியில் வந்தவை. ரபாபிகளின் அடித்தளமும் துருபத் என்பதால் பழைய பதிவுகளில் இவை வரும்.

கை பழகியதும் பர்த்தால் தேடுங்கள். நூலில் 55 பாடல்களுக்குப் பர்த்தால் என்று தலைப்பு இருக்கிறது; எல்லாமே நான்காவது குரு ராம்தாஸும் ஐந்தாவது குரு அர்ஜனும் பாடியவை. ரஹாவு ஒரு தாளத்தில் நடக்கும். அடுத்த அடி வேறு தாளத்துக்குப் போகும். முடிந்ததும் ரஹாவின் பழைய தாளத்துக்கே வந்து சேரும். அடுத்த அடி இன்னொரு தாளம். மாறுகிற இடத்தில் தோல்வாத்தியக்காரரும் பாடகரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வீடியோவாக இருந்தால் அந்தப் பார்வையைத் தவறவிடாதீர்கள். அரைக் கணம் பிசகினாலும் மொத்தமும் கவிழ்ந்துவிடும் இடம் அது.

விடியலுக்கு முன் பாடப்படும் ஆசா தீ வாரில் வேறொரு சுவை. வார் என்பது வீரர் கதைப் பாட்டு வடிவம். நூலில் 22 வார்கள் இருக்கின்றன. அதில் ஒன்பதுக்கு இன்ன நாட்டுப் பாட்டின் மெட்டில் பாடு என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆசா தீ வாருக்குச் சொல்லப்பட்டிருப்பது கை வெட்டப்பட்ட அஸ்ராஜ் என்ற இளவரசனின் கதைப் பாட்டு மெட்டு. 24 பவுரிகள், அதாவது பத்திகள். ஒவ்வொரு பவுரியிலும் தாளவாத்தியம் தட்டி எழும்பி முடியும் விதத்தைக் கேட்டால் ஊர்த் திருவிழாவில் கதை கேட்கும் பரபரப்பு இருக்கும்.

வாத்தியத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

தபலாவுக்குப் பதில் இரண்டு பெரிய மரக்கட்டைத் தோல்வாத்தியம் இருந்தால் அது ஜோரி. வடக்கத்தி மிருதங்கமான பக்காவஜை நடுவில் வெட்டி நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். வாசிப்பதற்கு முன்னால் இடது பக்கத் தோலில் ஈரக் கோதுமை மாவை உருண்டையாக வைத்து விரலால் வட்டமாகப் பரப்புவார்கள். நாம் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவை வைக்கிற அதே காரியம். சுருதி இறங்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் மாவு, அதிகமானால் ஓரத்தில் நகத்தால் சுரண்டி எடுப்பது, தண்ணீர் தொட்டுத் தடவுவது, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்பது... எல்லாமே நம் கச்சேரி மேடையில் பார்க்கிற வேலைதான். லூதியானாவில் முதன்முதலில் இதைக் கிட்டத்தில் பார்த்தபோது எனக்குக் கை துறுதுறுத்தது. வாசிப்பு முழுக்கத் திறந்த கை. அடி விழுந்ததும் சத்தம் கூடத்தையே நிரப்பும். தபலாவின் விரல் நளினத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

ரபாப் இரண்டு வகை. படங்களில் அதிகம் பார்ப்பது காபூலி ரபாப்: மல்பெரி மரத்தைக் குடைந்து, தோல் போர்த்தி, கழுத்தில் சுர இடம் காட்டும் மெட்டுகளும் பக்கத்தில் அனுநாதத் தந்திகளும் உள்ளது. பழைய துருபதி ரபாப் அளவில் பெரியது, மெட்டுகள் இல்லை, நரம்புத் தந்தி. மர்தானாவின் ரபாபைச் செய்துகொடுத்தவர் பரோவானா கிராமத்து ஃபிரந்தா என்று மரபு. கபூர்தலா மாவட்டத்தில், சுல்தான்பூர் லோதிக்குப் பக்கத்தில் அந்த ஊரில் ரபாப் பெயரிலேயே ஒரு குருத்வாரா உண்டு. ரபாபின் ஒலி குட்டை. மீட்டினால் டங்கென்று கேட்டுச் சீக்கிரம் அடங்கிவிடும். வார்த்தை மேலே, நாதம் கீழே. நீட்டிப் பிடிக்கிற வேலையைச் சரந்தாவும், மயில் உருவத்தில் இருக்கும் தாவூஸும், தில்ருபாவும் செய்கின்றன. வில் போட்டு வாசிப்பவை. ஹார்மோனியம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்து இவற்றையெல்லாம் ஓரம் தள்ளியது. 2022-ல் சீக்கியர்களின் உயர்ந்த மதபீடமான அகால் தக்தின் தலைவர் (ஜத்தேதார்), பொற்கோயிலில் ஹார்மோனியத்தை மூன்று வருஷத்துக்குள் படிப்படியாக விலக்கித் தந்தி வாத்தியங்களுக்குத் திரும்பச் சொன்னார். அதையொட்டி ராகிகளுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. ஹார்மோனியத்திலேயே ஆயுசைக் கழித்த பெரிய பாடகர்கள் அங்கே நிறைய. அவர்கள் வருத்தமும் நியாயம்தான்.

எங்கே கேட்பது, யாரைக் கேட்பது

1947 வரை அமிர்தசரஸ் பொற்கோயிலில் ராகிகளோடு ரபாபிகளும் முறை வைத்துப் பாடினார்கள். பாய் சாந்த், பாய் லால் என்பவை அந்தக் காலத்துப் பெரிய பெயர்கள். பிரிவினையில் ரபாபிக் குடும்பங்கள் ஏறக்குறைய மொத்தமும் எல்லை தாண்டி லாகூர் பக்கம் போக வேண்டியதாயிற்று. அங்கே கேட்க வேண்டிய சீக்கியர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். பாட்டு ஒரு பக்கம், சபை ஒரு பக்கம். சில குடும்பங்கள் கவ்வாலிக்குப் போயின, சில பாட்டையே விட்டன. போதாக்குறைக்கு, 1945-ல் உறுதியான சீக்கிய ரஹத் மர்யாதா என்ற நடத்தை விதித்தொகுப்பு, சங்கத்தில் கீர்த்தன் செய்வது சீக்கியர் மட்டுமே என்கிறது. ஆகவே பின்னாளில் ரபாபிகள் இந்தியா வந்தபோதும் பொற்கோயிலின் உள்ளே பாட வழியில்லை. அவர்கள் வீட்டு விதி, வெளியாள் நான் தீர்ப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மர்தானா ரபாப் மீட்டிய பாடல்கள் இருக்கும் நூலுக்கு முன்னால் மர்தானாவின் வாரிசு பாட முடியாது என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதனால் ரபாபிகளைப் பதிவுகளில்தான் தேட வேண்டும். பாய் குலாம் முகம்மது சாந்த் என்று தேடுங்கள். லாகூரில் இருந்தவர், 2015-ல் மறைந்தார். குரல் முதிர்ந்த காலத்தில் பதிவானவைதான் அதிகம், அதைப் பொருட்படுத்தாதீர்கள். சொல்லை அவர் உடைக்காமல் வைக்கும் விதம், ரஹாவுக்குத் திரும்பும் இடத்தில் அவசரமின்மை, இரண்டையும் பிடித்துக்கொண்டு கேட்டால் போதும்.

இந்தப் பக்கத்தில் பழைய முறை எப்படி நிற்கிறது என்று கேட்க, லூதியானாவில் ஜவத்தி டக்சால் என்ற பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 1991-ல் அங்கே தொடங்கிய குர்மத் சங்கீத் (சீக்கிய இசை) சம்மேளனம், ராகத்தில் பாடுவதையும் தந்தி வாத்தியத்தையும் மறுபடி பேச்சுக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்கு வகித்தது. பட்டியாலாவில் பஞ்சாபி பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது.

பொற்கோயிலுக்கே போவதாக இருந்தால் நேரம் பார்த்துப் போங்கள். விடியலுக்கு முன் ஆசா தீ வார், சாயங்காலம் சோதர் என்ற மாலைப் பாடல், அதற்குப் பிறகு இரவில் கல்யாண் சவுக்கி என்ற கீர்த்தன் அமர்வு, நம் கல்யாணி மணம் வீசும். தலையை மூடக் கைக்குட்டை அளவுத் துணி போதும். கால் கழுவும் தண்ணீரைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். உட்காரும்போது நூல் இருக்கும் பக்கம் காலை நீட்டக் கூடாது. கடாஹ் பிரசாதம் என்ற கோதுமை அல்வாவை இரண்டு கையாலும் வாங்குங்கள், நெய் விரல் இடுக்கில் வழியும். உள்ளே கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், நிம்மதியாகக் கேட்க முடியாது. குளத்தைச் சுற்றியுள்ள பிரகாரத்தில் தூணோரம் உட்கார்ந்துவிடுங்கள், ஒலிபெருக்கியில் தெளிவாகவே கேட்கும். ஜனவரியில் போனால் விடியற்காலைப் பளிங்குத் தரை வெறுங்காலைக் கொன்றுவிடும், தடிமனான கம்பளியை மடித்துப் போட்டு உட்காருங்கள்.

போக முடியாதவர்களுக்கு, பொற்கோயிலை நிர்வகிக்கும் எஸ்.ஜி.பி.சி.யின் யூடியூப் நேரலை இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் தி.நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாராவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வரலாம். போவதற்கு முன்னால் 488-ஆம் பக்கத்தைச் செல்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதையேதான் பாடுவார்கள் என்று சொல்ல முடியாது. பாடுவது என்னவானாலும் காதில் விழுந்த முதல் இரண்டு சொல்லைத் தட்டித் தேடினால் பக்கம் வந்துவிடும். ராகம், மஹலா, ரஹாவு என்று வரிசையாகப் பாருங்கள், அப்புறம் தாளத்தைப் போட ஆரம்பியுங்கள்.